நத்தம் ரோடு பக்கம் பழைய லேஅவுட், 30 சென்ட்டில் ஸ்டில்ட் + 5 மாடி: சங்கம் எதிலிருந்து தொடங்குவது?

வடக்குத்தெரு கேட்டது:

திருப்பாலை தாண்டி நத்தம் ரோட்டுக்கு மேற்கே உள்ள லேஅவுட், மதுரை மாநகராட்சி எல்லைக்குள். 1990-களில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் வாங்கியது. 140 மனை, வீடு 118. பெரும்பாலும் தரைத்தளமும் ஒரு மாடியும். 2023-ல் மேம்பாலம் திறந்ததிலிருந்து மனை தேடி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். இப்போது கிழக்குக் குறுக்குத்தெரு முனையில் ஐந்து மனையைச் சேர்த்து ஒருவரே வாங்கி, மொத்தம் 30 சென்ட், ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தத் தளம்) போட்டு ஐந்து மாடி, 26 வீடு என்று விளம்பரத் தட்டி வைத்திருக்கிறார். புதரை எடுத்தாயிற்று, கிராவல் லாரி ஓடுகிறது. வானம் (அஸ்திவாரக் குழி) இன்னும் தோண்டவில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் எழுந்த கேள்விகளைச் சொல்கிறேன். தெரு 18 அடிதான், இதில் ஐந்து மாடிக்கு எப்படி அனுமதி? பத்து சதவீத இடத்தைப் பொதுவுக்கு விட வேண்டும் என்கிறார்களே, கட்டுகிறவர் விட வேண்டாமா? லேஅவுட் வரைபடத்தில் பூங்கா என்று போட்ட 22 சென்ட்டை வேறொருவர் பட்டா இருக்கிறது என்று கம்பிவேலி போட்டிருக்கிறார், அதையும் சேர்த்தே மனு கொடுக்கலாமா? மனைக்குப் பின்னால் வாய்க்கால் ஒன்று போகிறது, அதை ஒட்டி மூன்றடிக்கு மண் அடிக்கிறார்கள். தெற்கே ஒட்டி இரண்டு பழைய வீடு இருக்கிறது, கருங்கல் கடக்கால் (அஸ்திவாரம்), அவர்கள் விரிசல் வருமோ என்று பயப்படுகிறார்கள். சங்கம் 2009-ல் பதிவு செய்தது. கடைசியாகக் கணக்கு தாக்கல் செய்தது 2016-ல்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புலப்படம் எழுதியது:

முதல் கேள்வியிலேயே ஒரு பிசகு இருக்கிறது. ரோட்டு அகலம் என்றால் தாரின் அகலம் இல்லை. லேஅவுட் வரைபடத்தில் காட்டிய அகலம், அதாவது இந்தக் காம்பவுண்டிலிருந்து எதிர்க் காம்பவுண்டு வரை. தார், அதன் இரு பக்க மண், வாறுகால் (தெருவோர வடிகால்), நம் ஆட்கள் போட்ட சாய்தளம், வாசல்படி, செம்பருத்திச் செடி எல்லாம் சேர்ந்துதான் ரோடு. பழைய லேஅவுட்களில் இது பெரும்பாலும் 23 அடியோ 30 அடியோ இருக்கும். முதலில் அது எது என்று பாருங்கள், ஏனென்றால் மற்ற கணக்கெல்லாம் அதில்தான் நிற்கிறது.

2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரம் வரை உயர்மாடி அல்லாத கட்டடம். ஸ்டில்ட் + 5 அதற்குள் அடங்கிவிடும். ஐந்து மாடி என்று நிறுத்தியதற்குக் காரணமே அதுதான். சாதாரண எஃப்எஸ்ஐ, அதாவது மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 2.0. ரோடு 9 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் பணம் கட்டி இன்னும் 30 சதவீதம் பிரீமியம் வாங்கலாம். 12 மீட்டருக்கு 40, 18 மீட்டருக்கு 50. 30 அடி என்றால் 9.14 மீட்டர், நூல் இழையில் தேறிவிடும். 23 அடி என்றால் 7 மீட்டர், பிரீமியம் கிடையாது.

உங்கள் மனைக்குப் போட்டுப் பாருங்கள். 30 சென்ட் என்பது 1,214 சதுர மீட்டர். இரண்டால் பெருக்கினால் 2,428. பிரீமியத்தோடு 3,156. ரோடு 30 அடி தேறினால் 26 வீட்டுக்கு இது தாராளம். ஆகவே "அனுமதியே கொடுக்க முடியாது" என்று மனு எழுதினால் முதல் பதிலிலேயே முடிந்துவிடும். கொடுத்த அனுமதிக்கும் களத்தில் எழும்புவதற்கும் எங்கே வித்தியாசம் என்று தேடுவதுதான் வேலை.

வரைபடத்துக்கு ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போட்டுக் காத்திருக்க வேண்டாம். 500 சதுர மீட்டருக்கு மேல் மனை அல்லது 8 வீட்டுக்கு மேல் என்றால் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். பதிவு எண் விளம்பரத் தட்டியிலேயே இருக்க வேண்டும். அதைத் தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டால் அனுமதி ஆணையையும் வரைபடத்தையும் பார்க்கலாம். எண் இல்லாமலே முன்பதிவு வாங்கினால் அது தனிக் குற்றம், தட்டியைத் தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். வரைபடத்தில் நான்கு பக்கப் பக்கவெளி (எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவில் விடும் இடம்), மொத்த உயரம், கார் நிறுத்த எண்ணிக்கை, சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க் இடம், மழைநீர்த் தொட்டி, மனையின் தரைமட்டம் ஆகியவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிளிந்த் பீம் (தரைமட்ட விட்டம்) கம்பி கட்டும் நாளில் டேப்பை வைத்து ரோட்டிலிருந்தும் பக்கத்து வீட்டு மனையிலிருந்தும் அளக்கலாம். தளத்துக்குள் நுழைய வேண்டாம், அத்துமீறல் என்று உங்கள் மேலேயே புகார் திரும்பும். பக்கவெளி குறைந்தால் அப்போதே தெரிந்துவிடும். அதற்கு மேல் காத்திருந்தால் ஒவ்வொரு தளமும் உங்களுக்கு எதிரான வாதம்.

பத்து சதவீதம் இந்த மனைக்குப் பொருந்தாது. திறந்தவெளி ஒதுக்கீடு 3,000 சதுர மீட்டர் வரை இல்லை. 3,000 முதல் 10,000 வரை இடமாகவோ வழிகாட்டி மதிப்பில் பணமாகவோ கொடுக்கலாம். 10,000-க்கு மேல் இடமாகத்தான், தானப் பத்திரம் எழுதி. இவர் 1,214-ல் நிற்கிறார். இதை மனுவில் எழுதினால் மற்றதையும் படிக்க மாட்டார்கள்.

பூங்கா தனி விவகாரம், தனி மனு, தனிக் கோப்பு. ஒரே மனுவில் இரண்டையும் கட்டினால் நகரமைப்புப் பிரிவு வருவாய்த் துறையைக் காட்டும், வருவாய்த் துறை நகரமைப்பைக் காட்டும். என் கணக்கில் உங்கள் கையில் உள்ளதில் வலுவான சரக்கு அந்த 22 சென்ட்தான்.

இப்படி ஆவதற்கு வழக்கமான காரணம் ஒன்றுதான். லேஅவுட் போட்டவர் ரோட்டையும் பூங்காவையும் தானப் பத்திரமாக அப்போதைய உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்திருப்பார். பட்டா மட்டும் மாறாமல் யூடிஆர் (நில ஆவண மேம்பாட்டுத் திட்டம்) காலத்துப் பெயரிலேயே கிடக்கும். வாரிசுகள் பட்டாவைக் காட்டி விற்றுவிடுவார்கள். மாநகராட்சி 2011-ல் 72 வார்டிலிருந்து 100 வார்டானபோது சேர்ந்த பகுதிகளில் இது அதிகம், ஏனென்றால் பத்திரம் ஊராட்சி பெயரில் இருக்கும், கோப்பு எங்கே போனது என்று யாருக்கும் நினைவிருக்காது.

எடுக்க வேண்டியவை: அங்கீகார எண்ணோடு கூடிய லேஅவுட் வரைபடத்தின் சான்றிட்ட நகல், அந்த சர்வே எண்ணுக்கு லேஅவுட் போட்ட ஆண்டிலிருந்து வில்லங்கச் சான்று, 'அ' பதிவேடு (சர்வே எண் வாரியான வருவாய்த் துறைப் பதிவேடு), எஃப்எம்பி (புல அளவைப் படம்). வில்லங்கத்தில் பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். இப்போதைய நகர அளவை எண்ணையோ புது உட்பிரிவையோ கொடுத்துத் தேடினால் 1990-களின் பத்திரம் வராது. பழைய கிராம சர்வே எண்ணில், தாய் எண்ணிலும் உட்பிரிவிலும் தனித்தனியாகத் தேடுங்கள். தானப் பத்திரம் கிடைத்துவிட்டால் அதன் நகலோடு ஆணையருக்கு, பட்டாவை மாநகராட்சி பெயருக்கு மாற்றக் கேட்டு ஒன்று, வட்டாட்சியருக்கு ஒன்று, இனி அந்த எண்ணில் பத்திரம் பதியக்கூடாது என்று சார்பதிவாளருக்கு ஒன்று. பத்திரம் இல்லை என்றாலும் வரைபடத்தில் ஒதுக்கியது ஒதுக்கியதுதான், வாதம் கொஞ்சம் நீளும் அவ்வளவே.

ரசமட்டம் எழுதியது:

அந்த இரண்டு பழைய வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஸ்டில்ட் கட்டடம் என்பதால் முழு பேஸ்மென்ட் தோண்டப் போவதில்லை. தூண் குழிகள் பக்கவெளி தள்ளித்தான் வரும், அதில் ஆபத்து குறைவு. ஆபத்து இருப்பது சம்ப், செப்டிக் டேங்க், புதுக் காம்பவுண்டு கடக்கால் மூன்றிலும். இவை பக்கவெளிக்குள், எல்லையை ஒட்டியே வரும். லிப்ட் குழியையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை எளிது. பழைய வீட்டுக் கடக்காலின் அடி மூலையிலிருந்து 45 பாகைக்கு ஒரு கோடு இறக்குங்கள். புதுக்குழி அந்தக் கோட்டை வெட்டக் கூடாது. உங்கள் கடக்கால் நாலடி, புதுக்குழி ஏழடி என்றால் வித்தியாசம் மூன்றடி; குழி ஓரம் கடக்கால் ஓரத்திலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி இருக்க வேண்டும். அதற்குள் வந்தால் குழியை ஒரே மூச்சில் திறக்காமல் ஐந்தடி ஐந்தடியாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டிச் சுவர் கட்டிக்கொண்டு போக வேண்டும், அல்லது பலகையும் முட்டும் கொடுத்துத் தாங்க வேண்டும். கடக்கால் ஆழம் தெரியாவிட்டால் வீட்டுக்காரர் தன் பக்கம் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி ஒன்று போட்டுப் பார்க்கலாம், அரை நாள் வேலை.

வேலை தொடங்குமுன் பதிவு செய்துவிடுங்கள். இரண்டு வீட்டிலும் உள்ளும் புறமும் ஒவ்வொரு சுவரும், ஜன்னல் மூலைகள், லிண்டல், தளம், காம்பவுண்டு எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். இருக்கிற விரிசலின் இரண்டு முனையிலும் பென்சில் கோடும் தேதியும் போடுங்கள். பெரிய விரிசலில் மெல்லிய கண்ணாடித் துண்டைக் குறுக்கே வைத்து இரு முனையும் சிமென்டால் ஒட்டுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், வாக்குவாதம் இருக்காது. பூச்சின் மேல் ஒட்டாதீர்கள், பூச்சைச் சுரண்டி செங்கல் மேல் ஒட்டுங்கள். பூச்சில் ஓடும் மயிரிழை விரிசல் வெயிலாலும் வரும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, மேலே போகப் போக அகலம் கூடும் விரிசல்தான் கடக்கால் இறங்குவதைச் சொல்வது.

இந்த ஆதாரத்தைக் கட்டுகிறவரின் பொறியாளரை வரவழைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளாக எடுத்தால் நல்லது. நல்ல பொறியாளர் மறுக்க மாட்டார், ஏனென்றால் பழைய விரிசலுக்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாமல் போகிறது.

மூன்றடி கிராவல் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கவலை. எல்லையில் இருக்கும் பழைய காம்பவுண்டு நாலரை அங்குலச் சுவராக இருந்தால் அது மண் தாங்கும் சுவர் இல்லை. மூன்றடி மண் காய்ந்திருக்கும்போதே ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய கால் டன் தள்ளும். மழையில் ஊறினால் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டுக்குள் விழும் சுவரெல்லாம் இப்படித்தான் விழுகிறது. மண் அடிக்குமுன் அவர் மனைக்குள் தாங்குசுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் எல்லையிலிருந்து மண்ணைச் சரித்து நிறுத்த வேண்டும். இதை இந்த வாரமே எழுத்தில் கொடுங்கள்.

குழியில் தண்ணீர் ஊறி மோட்டார் போட்டு இறைத்தால் வெளியே வரும் நீரைப் பாருங்கள். தெளிவாக வந்தால் சரி. கலங்கலாக நொய் மணலோடு வந்தால் உங்கள் கடக்காலுக்கு அடியிலிருக்கும் மண் போகிறது என்று அர்த்தம், இறைப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டும். குழியை மூடும்போது இடிசல் கொட்டி மூடுவார்கள். அரையடி அரையடியாக மண் போட்டு நனைத்து இடிக்காவிட்டால் இரண்டு மழைக்குப் பின் காம்பவுண்டு அந்தப் பக்கம் சாயும்.

மறுகால் எழுதியது:

வாய்க்காலை "ஒன்று போகிறது" என்று விட்டுவிட்டீர்கள். வைகைக்கு வடக்கே இந்த வாய்க்கால்கள் எல்லாம் சங்கிலி. ஒரு கண்மாயின் மறுகால் (நிறைந்து வழியும் வாய்க்கால்) அடுத்த கண்மாய்க்கு வரத்துக்கால். சாத்தையாறு தண்ணீர் இப்படிக் கண்மாய் கண்மாயாக இறங்கித்தான் வண்டியூர் வரை வரும். நடுவில் ஒருவர் சுருக்கினால் நிற்பது அவர் மனையில் இல்லை, மேலே உள்ள தெருவில். 2024 அக்டோபர் 25 மழையில் செல்லூர் பக்கம் தெருவில் தண்ணீர் நின்றதையும் அதன் பிறகு பந்தல்குடி கால்வாய் பற்றி நடந்த பேச்சையும் எல்லோரும் பார்த்தோம்.

எஃப்எம்பியில் வாய்க்காலுக்குத் தனி சர்வே எண் இருக்கும், அகலம் மீட்டரில் இருக்கும். 'அ' பதிவேட்டில் அந்த எண் எதிரே அரசு புறம்போக்கு, வாய்க்கால் என்று இருக்கிறதா என்று இ-சேவை தளத்தில் பார்த்துவிடலாம். வரைபடத்தில் நாலு மீட்டர், களத்தில் நாலடி என்பது சாதாரணம். நீங்களே டேப் போட்டு எல்லை முடிவு செய்யாதீர்கள், செல்லாது. வட்டாட்சியருக்கு, இந்த எண்ணை அளந்து சர்வே கல் நட்டு ஆக்கிரமிப்பு இருந்தால் 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கக் கேட்டு மனு கொடுங்கள். 7-ம் பிரிவில் அறிவிப்பு, பிறகு 6-ல் அகற்றல், அதுதான் வரிசை. கிராம நிர்வாக அலுவலர் பி மெமோ (ஆக்கிரமிப்புக் குறிப்பு) போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் எண் போட்ட ரசீது கிடைக்கும், அந்த எண்ணுக்குத்தான் மதிப்பு. கட்டட அனுமதிக் கோப்பில் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கிறதா, அதில் மனையின் தரைமட்டம் எவ்வளவு என்று நிபந்தனை போட்டிருக்கிறார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

தரைமட்டத்தை இப்போதே பதிவு செய்யுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். முனையில் உள்ள ஒரு மின்கம்பத்தில் பெயின்ட் கோடு போட்டு அதை ஆதாரமாக வைத்துக்கொண்டு, ரோட்டு நடு, வாறுகால் அடி, வாய்க்கால் அடி, மனையின் நான்கு மூலை, உங்கள் வீட்டு வாசல்கள் எவ்வளவு கீழே என்று எழுதுங்கள். டியூபில் காற்றுக்குமிழி ஒன்று இருந்தாலும் அளவு தவறும், வெயிலில் ஒரு பாதி மட்டும் சூடானாலும் தவறும். காலையில் செய்யுங்கள்.

மழைக்கணக்கு: ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் 1,214 சதுர மீட்டர் மனையில் விழுவது 60,700 லிட்டர். எல்லாம் தளமும் பேவர் கல்லுமாகிவிட்டால் ஏறக்குறைய 55,000 லிட்டர் வெளியே வரும், நொடிக்கு 15 லிட்டர். உங்கள் வாறுகால் இரண்டடிக்கு இரண்டடி, நூறு மீட்டருக்கு 20 செ.மீ. வாட்டம் (சரிவு) சரியாக இருந்தால் நொடிக்கு 350 லிட்டருக்கு மேல் கொண்டுபோகும். ஆக இந்த ஒரு கட்டடத்தால் வாறுகால் நிரம்பும் என்ற வாதம் நிற்காது. ஆனால் பாதி வண்டல் நின்றால் அதே வாறுகால் 150 லிட்டர்தான் கொண்டுபோகும்; பாதி இல்லை, பாதிக்கும் கீழே, ஏனென்றால் வேகமும் குறைகிறது. வாட்டமே இல்லாமல் போட்டிருந்தால் எந்தக் கணக்கும் இல்லை. அதனால் மாநகராட்சியிடம் கேட்க வேண்டியது தூர் எடுப்பதும் வாட்டமும். கட்டுகிறவரிடம் கேட்க வேண்டியது மழைநீர்ச் சேகரிப்புக் குழிகள் வரைபடத்தில் உள்ள எண்ணிக்கையில் உண்மையாகவே வருகின்றனவா என்பது.

மழையை விடக் கழிவுநீர்தான் தொல்லை. 26 வீடு, வீட்டுக்கு நாலரை பேர், ஆளுக்கு 135 லிட்டர்: நாளைக்கு 15,800 லிட்டர் தண்ணீர். அதில் 80 சதவீதம் கழிவாக வரும், சுமார் 12,600 லிட்டர். பாதாளச் சாக்கடை இணைப்பு உங்கள் தெருவில் நடப்பில் இல்லை என்றால் ஆறாயிரம் லிட்டர் லாரி தினம் இரண்டு நடை வர வேண்டும். எந்தக் குடியிருப்பும் அந்தச் செலவைத் தாங்காது. ஆறு மாதத்தில் இரவோடு இரவாக வாறுகாலில் ஒரு குழாய் முளைக்கும், அது வாய்க்காலுக்குப் போகும். செப்டிக் டேங்க் கொள்ளளவு, அதிலிருந்து வழிவது எங்கே போகிறது, இணைப்பு எப்போது என்ற மூன்றையும் இப்போதே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

தீர்மானநோட்டு எழுதியது:

சங்கம் பற்றி. 1975-ம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் கணக்கும் உறுப்பினர், நிர்வாகிகள் பட்டியலும் மாவட்டப் பதிவாளருக்குப் போக வேண்டும். 2016-க்குப் பிறகு இல்லை என்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுப்பது அதைத்தான். தணிக்கை செய்து தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்யத் தொடங்குங்கள், ஆனால் அது முடியும் வரை மற்றதை நிறுத்த வேண்டாம். பொதுக்குழு கூட்டி, தீர்மான நோட்டில் வந்தவர் கையெழுத்தோடு, இன்ன விஷயத்தில் மனுவும் வழக்கும் போடச் செயலாளருக்கு அதிகாரம் என்று எழுதுங்கள். நீதிமன்றம் வரை போனால் ஒட்டியுள்ள இரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் பெயரில் மனுதாரராக இருப்பது பாதுகாப்பு, பாதிப்பு நேரடியாக அவர்களுக்கு.

ஆர்டிஐ சங்கத்தின் பெயரில் போடாதீர்கள். சட்டம் குடிமகனுக்குத்தான் உரிமை தருகிறது, சங்க முத்திரை வைத்த மனுவை அதையே சொல்லித் திருப்புவார்கள். தனி நபர் பெயரில், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி அனுப்புங்கள். ஏன், எப்படி என்று கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள்: அனுமதி ஆணை, வரைபடம், பிரீமியம் எஃப்எஸ்ஐ கட்டிய ரசீது, தடையின்மைச் சான்றுகள், தள ஆய்வுக் குறிப்பு. மூன்றாம் நபர் தகவல் என்று மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கோப்பை நேரில் பார்வையிடவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை. நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். பார்வையிடும்போது பக்க எண்களைக் குறித்துக்கொண்டு அந்தப் பக்கங்களை மட்டும் நகல் கேட்பது மிச்சம்.

விலகல் கண்டுபிடித்தால் மனுவில் அளவு இருக்க வேண்டும். "விதிமீறிக் கட்டுகிறார்கள்" என்ற மனு எங்கும் போகாது. "வரைபடத்தில் தெற்குப் பக்கவெளி இவ்வளவு, இன்ன தேதியில் களத்தில் இவ்வளவு, படம் இணைப்பு, 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57 பிரிவுகளின்படி வேலை நிறுத்த அறிவிப்பு வேண்டும்" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். மாநகராட்சிக்கும் உள்ளூர் திட்டக் குழுமத்துக்கும் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ஏரியா சபை (வார்டின் பகுதி மக்கள் சபை) கூட்டத்திலும் கொடுத்து நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்; அதற்கென்று தனிப் பலம் இல்லை, ஆனால் இன்ன தேதியிலேயே தெரியும் என்பதற்குச் சான்று.

பதில் இல்லாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட். மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க உத்தரவு வாங்குவதுதான் பொதுவான முதல் படி. கிராவல் கொட்டும்போதே தெரிந்தவர் நாலாவது தளம் கான்கிரீட் ஆனபின் வந்தால் அதுவரை எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்கள்.

கடைசிப் பிடி ஒன்று உண்டு. 26 வீட்டுக் கட்டடத்துக்குப் பணி முடிப்புச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடையாது. உங்கள் மனுக்கள் அந்தச் சான்று கொடுக்கும் அலுவலகத்தின் கோப்பில் இருக்க வேண்டும், வேறெங்கோ இல்லை.

மேலமாசி எழுதியது:

எல்லோரும் எதிரியைப் பற்றிப் பேசுகிறீர்கள். 118 வீட்டில் எத்தனை சாய்தளம் ரோட்டில் இருக்கிறது, எத்தனை சம்ப் ரோட்டுக்கு அடியில் இருக்கிறது, எத்தனை மாடிக்கு வரைபடம் இருக்கிறது? நீங்கள் மனு கொடுத்த மறுவாரம் அவர் தரப்பில் இதே பட்டியல் படத்தோடு போகும். அதை முதலில் சரிசெய்யுங்கள், அல்லது சரிசெய்ய முடியாதவர்கள் கையெழுத்துப் போடாமல் இருங்கள்.

எழுத்தில் வாங்கக் கூடியதை உட்கார்ந்து பேசி வாங்குவது குறைவானதல்ல. டிரான்ஸ்பார்மர் அவர் மனைக்குள், தெருமுனையில் அல்ல. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வேலை இல்லை. ஜல்லி, மணல் ரோட்டில் கொட்டக்கூடாது. கலவை லாரி நிறைந்து வந்தால் 25 டன். குடிநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று வரைந்து கொடுத்து, மறுபக்கமாக வரச் சொல்லுங்கள், குழாய் உடைந்தால் யார் செலவு என்பதையும் எழுதுங்கள். முத்திரைத் தாளில், பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் சேர்த்து.

வடக்குத்தெரு எழுதியது:

நன்றி. ரெரா தளத்தில் வரைபடம் கிடைத்தது. தெருவையும் 20 மீட்டருக்கு ஓரிடமாக அளந்தோம். லேஅவுட்டில் 30 அடி. களத்தில் நாலு இடத்தில் 27 அடி 6 அங்குலம், அதாவது 8.38 மீட்டர். ஒன்பதுக்குக் குறைகிறதே, பிரீமியம் செல்லாது என்று கேட்கலாமா? இன்னொன்று, சம்ப் தெற்கு எல்லையிலிருந்து 0.60 மீட்டரில் காட்டியிருக்கிறார்கள், உள் ஆழம் 8 அடி. பக்கத்து வீட்டுச் சுவர் காம்பவுண்டிலிருந்து 3 அடி உள்ளே, கடக்கால் 4 அடி என்று குழி போட்டுப் பார்த்தார்கள், முக்காலடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

புலப்படம் எழுதியது:

கேட்கலாம், ஆனால் அந்த இரண்டரை அடியை யார் எடுத்தது என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் காம்பவுண்டுகள் முன்னே வந்ததால் குறைந்திருந்தால், வரைபட அகலம்தான் சட்டப்படியான அகலம், ஆக்கிரமிப்பை எடுத்துவிட்டால் 30 அடி என்று மாநகராட்சி சொல்லும். அதன் பிறகு ஜேசிபி நாலு வீட்டு வாசலுக்கு வரும். மேலமாசி அண்ணன் சொன்னது இதைத்தான்.

ரசமட்டம் எழுதியது:

சம்ப் கணக்கு. உள் ஆழம் எட்டடி என்றால் அடித்தளம், கீழே போடும் கான்கிரீட் சேர்த்துக் குழி ஒன்பதரை அடி. பழைய கடக்கால் நாலடி. வித்தியாசம் ஐந்தரை அடி. எல்லையிலிருந்து சம்ப் வெளிச்சுவர் இரண்டடி, பலகை அடிக்க ஓரடி இடம் வேண்டும், ஆகக் குழி ஓரம் எல்லையிலிருந்து ஓரடி. அந்தப் பக்கம் கடக்கால் ஓரம் இரண்டே கால் அடி. மொத்தம் மூன்றே கால் அடிதான் இருக்கிறது, ஐந்தரை வேண்டும். குறைந்தது இரண்டே கால் அடி உள்ளே தள்ளச் சொல்லுங்கள், அல்லது ஆழத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டச் சொல்லுங்கள், கொள்ளளவு அதேதான் வரும்.

இவ்வளவு செய்தாலும் வீட்டுக்குத்தான் காப்பு, காம்பவுண்டுக்கு இல்லை. அதன் கடக்கால் இரண்டடிக்கு மேல் இருக்காது, குழி திறந்தால் நிற்காது. முட்டுக்கொடுத்துத் தாங்குவதா, முன்கூட்டியே பிரித்து அவர் செலவில் புதிதாகக் கட்டுவதா என்பதை ஒப்பந்தத்தில் தனி வரியாகப் போடுங்கள். பிரிப்பதானால் சர்வே கல் இரண்டு முனையிலும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.